ஏற்ற இறக்கம் இல்லாத குரல்

டிவியில் அந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து என் மகளிடம் என்ன திறமை இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் கேட்டவர் கீழ்வீட்டு ஆண்டி. வீட்டுச் சொந்தக்கார அம்மா, கன்னடக்காரர். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் எங்களைப் போன்ற தமிழர்களோடு காலமெல்லாம் பழகியதால், தமிழையும் கன்னடத்தையும் கலந்து தனக்கென்று ஒரு பாஷை வைத்திருப்பவர். ஒரு நாள் காலையில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே கழற்றிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்.

“ஏனம்மா, உங்க பொண்ணக் கேளு. நான் தேதி சொல்றேன், அது என்ன கிழமைன்னு சொல்லட்டும்.”

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாலே சொல்லமாட்டாள். அவள் அப்போது காலிப் பால் பாக்கெட்டுகளைக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்ந்து நிற்கும்படி அவள் மடிக்கிற அழகே தனி. அதையெல்லாம் யார் திறமை என்று ஒப்புக்கொள்வார்கள்?

“அவளுக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஆண்டி.”

“ஐயோ, டிவியில அந்த ஹுடுகி, ஆட்டிசம் பொண்ணு, சொல்லுதே! எவ்ளோ பெரிய கணக்குன்னாலும் டக்குனு சொல்லுது. நீங்க சரியாச் சொல்லிக் கொடுக்கலை.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காலண்டரைப் படிக்கட்டில் வீசியிருப்பேன். வீசவில்லை. ஆண்டி பார்ப்பது கன்னடத்தில். அதே தொடர் சில வாரம் கழித்துத் தமிழில் வருகிறது. தமிழில் அந்தப் பெண் பேசுவது என் குரலில். அதை நான் அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அதுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. கன்னட நடிகையின் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து, அதற்குள் தமிழை நுழைத்துப் பேசவேண்டும். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் டப்பிங் அறை. பத்து வருடமாக நான் பேசியதெல்லாம் அழுகிற பாத்திரங்கள். புருஷன் கைவிட்ட அண்ணி, பிள்ளையைத் தொலைத்த தாய், சாகும்போது உண்மையைச் சொல்லிவிட்டுச் சாகிற பெரியம்மா. அழுகை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் நான் அப்படித்தான். சந்தோஷம் என்றால் கூவுவேன், கோபம் என்றால் கத்துவேன், கொஞ்சினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அதனால் இந்தப் பாத்திரத்துக்கு என்னைக் கூப்பிட்டதே எனக்கு ஆச்சரியம். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். டப்பிங் பொறுப்பாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன். முதல் நாள் காதில் ஹெட்போனை மாட்டியபடி எனக்குப் பாத்திரத்தை விளக்கினார்.

“அக்கா, இந்தப் பொண்ணுக்கு ஆட்டிசம். அதாவது ஃபீலிங்கே கெடையாது. ஏத்த எறக்கம் இல்லாம ஒரே கோடாப் போங்க. மெட்ரோல அடுத்த ஸ்டேஷன் சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி.”

என் மகளுக்கா ஃபீலிங் கிடையாது? சந்தோஷம் வந்தால் அவள் குதிக்கிற குதியில் ஆண்டி கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். அவள் பேசுவது ஒரு நாளைக்கு இருபது முப்பது சொல். ஒவ்வொரு சொல்லையும் கடைசியில் மேலே தூக்கி, கேள்வி கேட்கிற மாதிரி ஒரு ராகத்தில் சொல்வாள். மெட்ரோ அறிவிப்புக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சொல்லியிருக்கலாம். முன்பு ஒரு இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லப்போய், ‘பாவம், வீட்டுல கஷ்டம்’ என்று என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, ஒரே கோடாகப் போனேன். “சூப்பர்க்கா, அப்படியே ரோபோ” என்றார்.

டப்பிங்கில் ஒரு வசதி உண்டு. வாய் தெரிகிற காட்சியில்தான் உதட்டசைவுக்குச் சொல் பொருந்தவேண்டும். முகம் திரும்பியிருந்தால், முதுகு தெரிந்தால், என்ன வேண்டுமானாலும் பேசலாம். கன்னடத்தில் இல்லாததைக்கூடச் சேர்க்கலாம். இந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காதவள் என்று வைத்திருந்தார்கள். அதனால் பாதி நேரம் சுவரைப் பார்த்தே நின்றாள்.

“இது ஈஸிக்கா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்கு. நம்ம இஷ்டத்துக்குப் பேசலாம்” என்று பொறுப்பாளர் சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வருடமாக என் மகளின் முதுகுக்கு நானும் இப்படித்தான் வசனம் பேசிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்கு இந்தச் சட்டைதான் பிடிக்கும். பாப்பா அப்பாவைத் தேடுது. பாப்பாவுக்கு அந்த அத்தை மேல கோபம். எல்லாம் நான் சொல்வதுதான். அவள் ஒன்றைக்கூட ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை.

அவளைச் சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டை. “வா கண்ணு, என் தங்கம்ல, சோறு ஆறிப்போவுது பாரு” என்று ஆரம்பித்து, “எத்தினி வாட்டிடி கூப்புடறது, உனக்குக் காது கேக்குதா இல்லியா” என்று முடியும். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முனகிக்கொண்டே கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நான்கு எபிசோடு சேர்த்துப் பேசிவிட்டு வந்தேன். தொண்டையை விட்டு அந்தக் குரல் இறங்கவே இல்லை. தட்டில் சோற்றை வைத்தேன். கொஞ்சவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை. அவளைப் பார்க்காமலேயே, தொடரில் வருகிற அதே குரலில், “சோறு வச்சாச்சு. சூடா இருக்கு. ரெண்டு நிமிஷத்துல ஆறும்” என்றேன்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

“ரெண்டு நிமிஷம்?” என்றாள், தன் ராகத்தில்.

நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே என் சொந்தக் குரலில், “வாடா செல்லம், சாப்பிடலாம்” என்றேன். காதைப் பொத்தினாள். ஐந்து நிமிடம் விட்டு அந்தக் குரலில் சொன்னேன். வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அவள் அப்பா ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவருக்கு முன்னால் முதல் தடவை இதைச் செய்து காட்டியபோது பயந்துவிட்டார்.

“இன்னாம்மா, பேய் கீய் புடிச்சிக்கிச்சா? எதுக்கு அப்டி பேசறே?”

“கொஞ்சம் சும்மா இருங்க. பாருங்க.” குரலை மாற்றினேன். “பாட்டில் காலியா இருக்கு. குழாயில தண்ணி வருது.”

அவள் எழுந்து போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். அவர் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தானும் முயற்சி செய்தார். பாவம், நாலு சொல் நேராகப் போகும், ஐந்தாவது சொல்லில் ‘கண்ணு’ வந்து விழுந்துவிடும். “ஏய், எனக்கு வரமாட்டேங்குதுடி. இதுக்கெல்லாம் நடிக்கத் தெரிஞ்சிருக்கணும்” என்றார்.

அவர் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. அந்தத் தொடரை எழுதியவர் என் மகளைப் போல ஒருவரை அருகில் இருந்து பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அந்தக் கணக்குப்புலி, அந்த ஃபீலிங் கிடையாத ரோபோ, எல்லாம் புளுகு. அந்தப் புளுகுக் குரலுக்கு மட்டும் என் பெண் எழுந்து வருகிறாள் என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? இத்தனை வருடம் நான் கொஞ்சிய கொஞ்சல் எல்லாம் அவள் காதுக்கு இரைச்சலா? கொஞ்சாத தாயைத்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறதா? யோசிக்க யோசிக்க எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பிறகு அவள் மேல் வந்தது. பிறகு காரணமே இல்லாமல் கீழ்வீட்டு ஆண்டியின் மேல் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். உடம்புக்கு எதுவோ என்று புரிந்துவிட்டது, எங்கே என்றுதான் புரியாது. எப்போதுமே இப்படித்தான். சின்ன வயதில் காதுக்குள் சீழ் வைத்துத் தலையணையில் வழிந்த பிறகுதான் காதுவலி என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்குப் பிறகு இவள் தன் வலியை யாரிடம் எப்படிச் சொல்வாள் என்பது எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே பெரிய பயம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதுகூட இல்லை.

அன்றைக்கு அந்தக் குரலில் கேட்டுப் பார்த்தேன்.

“எங்கயோ வலிக்குது. எங்கன்னு கை வச்சுக் காட்டலாம்.”

கடிப்பதை நிறுத்தினாள். பிறகு விரலை வாய்க்குள் விட்டு, வலது பக்கம், கடைசியில் தொட்டாள். “பல்?” என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் பெண் எனக்கு வலிக்கிற இடத்தைச் சொன்னாள். நான் சமையலறைக்கு ஓடிப்போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். என் அழுகைச் சத்தம் அவளுக்கு ஆகாது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் அந்தப் பல்லை எடுத்துவிட்டு, “இடது பக்கமும் ஒரு பல்லு லேசா சொத்தை ஆரம்பிச்சிருக்கும்மா, பாத்துக்குங்க” என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். அன்றிருந்த பூரிப்பில் எதுவும் என் காதில் ஏறவில்லை.

தமிழில் தொடர் சாயங்காலம் ஏழரைக்கு வரும். ஏழரை அடித்தால் அவள் டிவியிடம் போய்விடுவாள். படத்தைப் பார்க்கமாட்டாள். பக்கவாட்டில் நின்று, சத்தம் வருகிற ஓட்டையில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். அந்தப் பெண் பேசும்போது மட்டும் லேசாக ஆடுவாள். அது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா? எனக்கு அது பெரிய கேள்வியாகிவிட்டது. ஒரு நாள் அந்தக் குரலிலேயே, “இது யாரு பேசறது?” என்று கேட்டேன்.

“டிவி?” என்றாள்.

அதுவும் சரிதானே.

அப்புறம்தான் ஒரு நாள் காலையில் ஆண்டி தட்டில் கேசரிபாத்தோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அந்த ஹுடுகிக்குச் சரி ஆய்த்தம்மா! நேத்து கன்னடத்துல வந்துச்சு. தேர்த் திருவிழா கூட்டத்துல யாரோ தள்ளிட்டாங்க, தலையில அடி. கண்ணு தொறந்து அம்மாவை நேராப் பார்த்து, ‘அம்மா’ன்னு கூப்புட்டா. நான் அழுதே போய்ட்டேன். உங்க பொண்ணுக்கும் ஆகும் பாரு, தேவரு இருக்காரு, சாமி கைவிடாது.”

கேசரிபாத்தை வாங்கிக்கொண்டேன். கன்னடத்தில் வந்துவிட்டது என்றால் தமிழில் நான் பேசவேண்டும். குணமாகிவிட்டால் அந்தக் குரல் போய்விடும். தினமும் ஏழரைக்கு அவள் கன்னத்தை வைத்துக் கேட்கிற குரல் நின்றுபோனால், வீட்டில் நான் பேசுகிற குரல் மட்டும் அவளிடம் நிற்குமா? அவள் தன் வலியைச் சொல்லக் கண்டுபிடித்த ஒரே வழி அது. அதுவும் அடைபட்டுவிட்டால்?

அன்று டப்பிங் அறைக்குள் நுழைந்ததும் பொறுப்பாளர், “அக்கா, உங்களுக்கு இன்னிக்கு விருந்து! பொண்ணுக்குக் கொணமாயிருச்சு. இனிமே நல்லா நடிக்கலாம்” என்றார்.

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இது இன்னாய்யா கதை? தலையில அடிபட்டா சரியாப் போவுமா? அப்ப எல்லாரையும் இட்டாந்து செவுத்துல முட்டச் சொல்லலாமா?”

“அக்கா, என்னை ஏன்க்கா வையிறீங்க? நானா எழுதுனேன்?”

“எம் பொண்ணு அப்படித்தான்யா. பத்தொன்பது வயசு. இத்தினி நாளா உன் முன்னால நின்னு ரோபோ மாதிரி பேசிக்கினு இருந்தேனே, வீட்டுல அவளை வச்சிக்கினுதான் பேசினேன்.”

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“சொல்லவே இல்லையேக்கா. இத்தனை நாளா உங்களைத் தப்புத்தப்பாப் பேச வச்சிருக்கேன். எப்படிப் பேசணும்னு சொல்லுங்க. வர்ற எபிசோட்லயாச்சும் மாத்துவோம். சத்தியமாச் சொல்றேங்க்கா.”

மனதாரத்தான் கேட்டார். இந்த நேரத்துக்காக எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். நாக்கு நுனியில் அத்தனை பேச்சு இருந்தது. ஆனால் என்ன சொல்வேன்? அந்தக் குரல் பொய் என்றா? அந்தப் பொய்க்குத்தான் என் பெண் பல்வலியைச் சொன்னாள். உண்மை என்றா? அவள் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கடைசியில் வந்தது, “ஒண்ணும் வேணாம், போடுங்க, பேசிட்டுப் போறேன்” என்பதுதான்.

திரையில் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தாள். முகம் முழுக்கத் திரையில். உதடு தெளிவாகத் தெரிகிறது, ஏமாற்ற இடமே இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள். நான் பேசினேன்.

“அம்மா... அம்மா... உன் மொகம் தெரியுதும்மா. எனக்கு உன்னத் தெரியுதும்மா.”

ஒரே டேக். ஒன்றாவது ‘அம்மா’வில் மூச்சு உடைந்து, இரண்டாவதில் சேர்ந்தது. பத்து வருடத்தில் நான் அழுத அழுகையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகள் என்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவள் வாயால் நான் கேட்க ஆசைப்பட்டதை, அப்படியே, யாரோ ஒரு நடிகையின் வாய்க்குள் வைத்துவிட்டு வந்தேன். தலையில் அடிபட்டால் குணமாகுமா என்று சண்டை போட்டவள்தான் நான். பேசும்போது குணமாகிவிடவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பேசினேன். இரண்டும் நான்தான். எது என் குரல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தமிழில் அது ஒளிபரப்பான அன்று அவளோடு நானும் நின்றேன். தேர், கூட்டம், தள்ளுமுள்ளு எல்லாம் முடிகிற வரைக்கும் கன்னத்தை எடுக்கவில்லை. ‘அம்மா’ வந்தது. திடுக்கிட்டு விலகினாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குரலில், “சோறு வச்சாச்சு” என்றேன். வரவில்லை. சாயங்காலம் ஏழரைக்கு டிவியிடம் போனாள், குணமான பெண் கலகலவென்று பேசினாள், இவள் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த நாள் மணிக்கட்டைக் கடித்தாள். நான் பயந்தபடியே ஆகிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பொறுப்பாளருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். “எம் பொண்ணோட வாயை அடைச்சிட்டீங்களேய்யா!” அந்த மனுஷன், “சாரிக்கா, சாரிக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்கு சாரி என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நாலாவது நாள் அவள் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

“டிவியாலதான்றியா?”

“வேற எதால? அந்தக் குரல் போச்சு, இவளும் போயிட்டா.”

“எனக்கு இன்னாவோ... ஒடம்புக்கு எதனா இருக்குமோன்னு தோணுது.”

“உங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க அவகூட நின்னு பாத்தீங்களா? அவ மொகம் எப்டி மாறிச்சுன்னு பாத்தீங்களா?”

எனக்குத் தெரியும் என்று நான் அவ்வளவு உறுதியாக இருந்தேன். நாலு நாளும் சோறு வச்சாச்சு, சோறு வச்சாச்சு என்று மட்டும்தான் அந்தக் குரலில் சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நான் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அம்மா... அம்மா...”

என் குரல். ஒன்றாவதில் மூச்சு உடைந்து, இரண்டாவதில் சேர்கிற அதே அழுகை. டிவியை யார் போட்டது என்று திரும்பினேன். டிவி ஓடவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். கண் மேலே மின்விசிறியில் இருந்தது.

“உன் மொகம் தெரியுதும்மா. எனக்கு உன்னத் தெரியுதும்மா.”

என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. சொல்லுக்குச் சொல், இழுப்புக்கு இழுப்பு, நான் பேசியது மாதிரியே இருந்தது. தன் ராகத்தைக்கூட விட்டுவிட்டாள். என் மடியிலிருந்த அவரைக்காய் எல்லாம் தரையில் சிதறியது.

“உன்னத்தாம்மா கூப்புடறா” என்றார் அவர்.

“இல்லங்க. டிவியில வந்ததச் சொல்றா.”

“டிவியில வந்தா இன்னா? டிவியப் பாத்தா சொல்றா? உங்கிட்ட வந்து நிக்கறா பாரு.”

எனக்குத் தெரியவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாளா, கேட்ட வசனத்தை ஒப்பிக்கிறாளா, இன்றைக்கும் தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடித்தேன். அவள் மறுபடியும், “அம்மா...” என்றாள். உடனே மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய் அழுத்திக் கடித்தாள். கடித்தது வலது பக்கத்துப் பல்லால். ஏற்கெனவே ஒரு பல்லை எடுத்திருந்த பக்கம். இடது பக்கத்தை வைத்துக் கடிக்கவே இல்லை.

இடது பக்கம் என்று பல் டாக்டர் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஐயோ, பாவி நான்! ஐந்து நாள். தொடர், குரல், குணம் என்று நானும் ஒரு கதையை எழுதி அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பல் வலித்திருக்கிறது.

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த அழுகையோடு பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு தடவை விழுங்கினேன்.

“இங்கதான் இருக்கேன்” என்றேன். “எங்கயோ வலிக்குது. எங்கன்னு கை வச்சுக் காட்டலாம்.”

ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரே கோடு. என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வசனத்தை நான் பேசியதில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். விரலை வாய்க்குள் விட்டு இடது பக்கம், கடைசியில் தொட்டாள்.

“பல்?” என்றாள், தன் ராகத்தில்.